வீட்டுக்குக் கம்ப்ரஸர் வாங்கும்போது விடக்கூடாத பிழைகள்

வெள்ளவத்தை, ஆறாம் மாடி, இரவு இரண்டு மணி. பால்கனி மூலையில் சும்மா கிடந்த கம்ப்ரஸர் யாரும் தொடாமலே ஓடத் தொடங்கியது. காலி வீதியில் போகிற லொறி ஒன்று படியேறி வீட்டுக்குள் வந்துவிட்டது போல ஒரு சத்தம். நான் எழும்பி, கட்டில் காலில் அடிபட்டு, சுவிட்சைத் தேடி அணைப்பதற்குள் மேல் மாடியில் லைட் எரிந்துவிட்டது. காலையில் லிஃப்டில் அன்ரி கேட்டார்: "தம்பி, ராத்திரி உங்கட வீட்டிலை என்ன மிஷின் ஓடினது? தண்ணி மோட்டரோ?" சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மிஷின் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த மிஷினில் கோளாறு எதுவும் இல்லை. பிழையெல்லாம் வாங்கிய என்னுடையது. 2022 இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் வீட்டில் சைக்கிள்கள் பெருகின. பிள்ளைகளுடையதையும் சேர்த்து நான்கு. வாரம் ஒருமுறை எட்டு டயர். அதைக் குனிந்து அடிக்க முதுகு ஒத்துழைக்கவில்லை. ஹாட்வெயார் கடையில் 24 லீட்டர் தொட்டியோடு நின்ற 2 குதிரைவலு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பெரியது நல்லது என்ற நினைப்பு.

சைக்கிள் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று அன்றைக்கு ஒரு கணக்குப் போட்டிருந்தால் போதும். 700×25 அளவுள்ள ஒல்லி டயருக்குள் இருக்கிற இடம் ஏறக்குறைய ஒரு லீட்டர். அதை 90 பிஎஸ்ஐ, அதாவது 6 பாருக்குச் சற்று மேலே ஏற்ற (இரண்டும் அழுத்தத்தை அளக்கிற அலகுகள்), வெளியிலுள்ள காற்றில் 6 லீட்டர் சொச்சம் உள்ளே போனால் சரி. தடித்த மவுண்டன் டயருக்குள் 4 லீட்டருக்குக் கிட்ட இடம் இருக்கிறது; ஆனால் அதற்கு 35, 40 பிஎஸ்ஐ போதும் என்பதால் 10, 11 லீட்டரோடு வேலை முடிந்துவிடும். இது ஒரு பெரிய பலூன் அளவு சமாசாரம். இதற்குப் போய் கராஜில் பெயின்ட் அடிக்கிற மிஷினை வாங்குவது, தேத்தண்ணி போட கல்யாண வீட்டுக் கிடாரத்தை ஏற்றுவது போன்றது.

ஆகவே ஒன்றிரண்டு சைக்கிள் மட்டும் இருக்கிறவர்களுக்கு என் அபிப்பிராயம், கம்ப்ரஸரே வேண்டாம். காலால் மிதித்துப் பிடித்து, நின்றுகொண்டு இரண்டு கையாலும் அடிக்கிற, மீட்டர் வைத்த உயரமான பம்ப் ஒன்று வாங்குங்கள். வெறும் டயருக்கே 20, 30 அடி போதும். வாராவாரம் குறைகிற காற்றுக்கு நாலைந்து அடி. அதைவிடச் சத்தம் குறைந்த கருவி கிடையாது. முதுகு, முழங்கை, மணிக்கட்டு வில்லங்கம் உள்ளவர்களும், என்னைப் போல வீடு நிறையச் சைக்கிள் வைத்திருப்பவர்களும், டியூப் இல்லாத டயரை றிம்மில் உட்கார்த்தச் சட்டென்று ஒரு வீச்சுக் காற்று தேவைப்படுகிறவர்களும் மேலே வாசிக்கலாம்.

அடுத்த பிழை, பெட்டியில் உள்ள டெசிபல் எண்ணை நம்புவது. டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கில் போவதில்லை. பத்துக் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். 60 என்பது பக்கத்தில் இருவர் கதைக்கிற அளவு. 90 என்றால் அந்த அறையில் கதைக்க முடியாது. ஆனால் எண் சின்னதாக இருந்தால் மட்டும் போதுமா? எத்தனை மீட்டர் தள்ளி நின்று அளந்தார்கள் என்று பாருங்கள். வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 77 காட்டும் மிஷினை 7 மீட்டர் தள்ளி அளந்து 60 என்று அச்சடிக்கலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் எங்கள் பால்கனியில் 7 மீட்டர் எங்கே இருக்கிறது? மூன்று பக்கமும் சீமெந்துச் சுவர். சத்தம் போக வழியில்லாமல் திரும்பித் திரும்பி வருகிறது. ஐரோப்பியச் சந்தைக்குச் செய்த மிஷின்களில் எல்டபிள்யூஏ (LWA) என்று ஓர் எண் ஒட்டியிருக்கும். அது மிஷின் மொத்தமாக வெளியிடுகிற ஒலிச் சக்தி; ஒரு மீட்டரில் அளக்கும் எண்ணைவிட 8 அல்லது அதற்கும் மேலே கூடத் தெரியும். அதைப் பார்த்து அந்த மிஷினை ஒதுக்கிவிட்டு, தூரமே சொல்லாத இன்னொன்றை வாங்கினால் ஏமாறுவது நாங்கள்தான்.

டெசிபல் எண்ணைவிட மோட்டரைப் பார்ப்பது நல்லது. எங்கள் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மலிவான எண்ணெயில்லாத மிஷின்கள் பலவற்றில் மோட்டர் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். பிரஷ் வைத்த மோட்டர் என்றால் இன்னும் வேகம், கீச்சென்ற சத்தம் வேறு. அமைதியானவை என்று விற்கிறவற்றில் உண்மையானவை 1,400 சுற்று அளவில் ஓடும். பக்கத்துக்கு ஒரு பிஸ்டனாக இரண்டு இருக்கும், 550 அல்லது 750 வாட்ஸ் இருக்கும், தொட்டி 6 முதல் 9 லீட்டர். பல் வைத்தியரின் அறைக்கு வெளியே மெல்ல உறுமிக்கொண்டிருப்பது இதே சாதிதான். கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: இது எத்தனை சுற்று? பதில் தெரியாவிட்டால் மோட்டரில் ஒட்டியிருக்கிற தகட்டை நீங்களே வாசியுங்கள். குதிரைவலுவைப் பற்றி அவர் எவ்வளவு கதைத்தாலும் கவனிக்க வேண்டாம்.

அமைதியை மட்டும் பார்த்து எதிர்ப்பக்கம் போய் விழுகிறவர்களும் உண்டு. ஓவியம், கேக் அலங்காரத்துக்கு வருகிற ஏர்பிரஷ் கம்ப்ரஸர் பூனை போல இருக்கும். ஆனால் அதில் பெரும்பாலானவை 4 பாரில், அதாவது 58 பிஎஸ்ஐயில் நின்றுவிடும். மவுண்டன் சைக்கிளுக்கு ஓம், ஒல்லி டயருக்கு இல்லை. பழைய பிரிட்ஜ் கம்ப்ரஸரைக் கழற்றிக் காற்றடிக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். அது காற்றோடு எண்ணெயையும் அனுப்பும், டியூப் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப் பழுதாகும். உள்ளங்கையில் அடங்குகிற பட்டரிப் பம்ப் வேறு விஷயம்: அதன் சின்னப் பிஸ்டன் நல்லாகக் கத்தும், ஆனால் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இப்போது தொட்டிக்கு வருவோம். எனக்கு மிகவும் தாமதமாகப் புரிந்த விஷயம் இது. தொட்டியில்லாத மிஷின், டயருக்குக் காற்று போகிற அத்தனை நேரமும் கத்த வேண்டும். தொட்டியுள்ளது முன்கூட்டியே கத்தி முடித்துவிடலாம். மரைன் டிரைவில் சைக்கிள் ஓட விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்குகிறவர், முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு, தெருவே இரைகிற நேரத்தில், தொட்டியை நிரப்பி வைத்தால் காலையில் ஸ்ஸ் என்ற மூச்சுச் சத்தத்தோடு வேலை முடியும். 6 லீட்டர் தொட்டியை 8 பாருக்கு நிரப்பினால், மோட்டர் ஓடாமலே மூன்று மவுண்டன் டயரை வெறுமையிலிருந்து நிரப்பலாம். ஒல்லி டயர் என்றால் ஒன்றுதான், ஏனெனில் தொட்டி 6 பாருக்கு இறங்கியதும் அதற்குத் தள்ள வலு போய்விடும். குறைந்ததை ஏற்றுவதற்கு மட்டும் என்றால் எல்லா டயருக்கும் காணும்.

ஆனால் நிரப்பியதும் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்க வேண்டும். நான் அணைக்கவில்லை. தொட்டியில் அழுத்தம் குறைந்தால் தானாக ஓடி நிரப்புகிற சுவிட்ச் ஒன்று இந்த மிஷின்களில் இருக்கிறது. ஏதோ ஒரு இணைப்பில் மயிரளவு கசிவு. எட்டு மணித்தியாலத்தில் அழுத்தம் இறங்கி, சரியாக இரவு இரண்டு மணிக்கு அது தன் கடமையைச் செய்தது. 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் மாநகர, நகர சபைப் பகுதிகளுக்குப் பகலில் 63 டெசிபல், இரவில் 50 என்று எல்லை போட்டிருக்கிறார்கள். அந்த இரவு மாலை 6 மணிக்கே தொடங்கிக் காலை 6 வரை நீள்கிறது. அது சராசரியாக அளக்கிற கணக்கு, ஒரு நிமிடச் சத்தம் அதில் அமுங்கிப்போகலாம். அன்ரி சராசரி பார்ப்பதில்லை.

வைக்கிற இடமும் முக்கியம். அடுக்குமாடியில் பாதிச் சத்தம் காற்றில் போவதில்லை, தரை வழியே போகிறது. தடித்த ரப்பர் துண்டின் மேல் வையுங்கள், சுவரில் முட்டவிடாதீர்கள். சத்தம் அடங்கட்டும் என்று அலுமாரிக்குள் பூட்டினால் சூடேறி மோட்டர் தானாக நின்றுவிடும், அல்லது எரியும். வட்டக் குச்சி 5 அம்பியர் பிளக்கில் பெரிய மிஷினைக் கொடுக்கக்கூடாது. 13 அம்பியர் சொக்கெட்டில் நேரடியாகக் கொடுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மோட்டர் திணறும்.

வால்வ் விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். கம்ப்ரஸர் வாய் கார் வால்வுக்கு ஏற்றது. ஒல்லி பிரெஸ்டா வால்வுக்குப் பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் வேண்டும், நுனியில் உள்ள குமிழைத் தளர்த்தவும் வேண்டும். லுமாலா மாதிரிச் சாதாரணச் சைக்கிள்களில் உள்ள பழைய டன்லப் வால்வ்தான் குழப்படிக்காரன். பள்ளிக்கூடத்தில் அடுத்தவனுடைய வால்கட்டையைக் கழற்றி ஒளித்தவர்களுக்கு அதன் உள்ளே ஒரு ரப்பர் குழாய் இருப்பது தெரியும். அந்த ரப்பரைத் தள்ளித் திறக்கவே கொஞ்சம் அழுத்தம் செலவாகும். அதனால் மீட்டரில் தெரிவது ஹோஸில் உள்ள அழுத்தம், டயரில் உள்ளதல்ல. குறித்த எண் வந்ததும் நிற்கிற டிஜிட்டல் பம்புகள் இதில் ஏமாந்து, டயர் நிறைய முன்பே நின்றுவிடும். விரலால் அமுக்கிப் பார்க்கிற பழைய வழக்கம்தான் இங்கே கைகொடுக்கும். மற்றபடி, வெளியே போகிற அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் இல்லாத மிஷினைப் பிள்ளைகளின் 12 அங்குலச் சைக்கிளில் மாட்டாதீர்கள். அதில் இடம் மிகக் குறைவு, ஓரிரு செக்கனில் எல்லை தாண்டிவிடும்.

தண்ணீரை யாரும் யோசிப்பதில்லை. கொழும்புக் காற்றில் ஈரம் எவ்வளவு என்பது துணி காயப்போட்டவருக்குத் தெரியும். ஐம்பது லீட்டர் காற்றை 6 லீட்டருக்குள் நெருக்கினால், அந்த ஈரம் தங்க இடமில்லாமல் ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு கிராம் தண்ணீராக அடியில் படியும். கடற்கரைப் பக்க உப்புக் காற்று வெளியே தின்ன, இது உள்ளே தின்னும். வாரம் ஒருமுறை அடியில் உள்ள திருகைத் திறந்து விடுங்கள். பழுப்பாக வந்தால் தொட்டி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது.

வாங்கும் முன் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய சோனகத் தெருவிலும் பஞ்சிகாவத்தையிலும் தெரு இரைச்சலில் எல்லா மிஷினும் அமைதியாகத்தான் கேட்கும், அதனால் கடையின் பின்பக்க அறைக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். நிறைந்து நிற்கும்போது ஒரு 'ஸ்ஸ்' சத்தம் வரும், அது எவ்வளவு திடுக்கிட வைக்கிறது என்றும் பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு பிளேன்டீ குடித்து, இருபது நிமிடம் கழித்து மீட்டரைப் பாருங்கள். சூடான காற்று ஆறும்போது முள் கொஞ்சம் இறங்கும், அது சரி. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால், அந்த மிஷினை இன்னொருவருடைய பால்கனிக்கு விட்டுவிடுங்கள்.