கோல்ஃப் பழகும் பிள்ளைக்கு வீட்டில்

வளவில் ஆத்தங்குடிக் கல்தரையிலேயே பட்டிங் (பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் விழவைக்கும் அடி) பழகவிடாதீர்கள். பந்து வழுக்கி ஓடும். பிள்ளை பயந்து அடியைப் பாதியில் நிறுத்தப் பழகிவிடும். ஜமுக்காளம் விரித்து, சாக்பீஸால் 108 மி.மீ. விட்டத்தில் வட்டம் போடுங்கள். நிஜக் குழியின் அளவே அதுதான். ஒரு மீட்டரிலிருந்து பத்துக்கு ஏழு பந்து வட்டத்தின் மேல் உருண்டால், தூரத்தைக் கூட்டலாம்.

அப்பச்சியின் பழைய கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, வெட்டிக் கொடுப்பது வீண் சிக்கனம். தண்டு விறைக்கும், மட்டைத் தலையின் எடை குறையாது. தூக்கமாட்டாமல் பிள்ளை பின்னால் சாயும். சிறுவர் கிளப்பே வாங்குங்கள்.

ஓரத்தில் நின்று “தலையைத் தூக்காதே” என்று கத்துவதுதான் பெரிய தொல்லை. கழுத்து இறுகினால் தோள் திரும்பாது. பயிற்சியாளர் அந்த வாரம் சொன்னது எதுவோ, அதை மட்டும் நினைவூட்டுங்கள். திரும்பும் வழியில் வண்டியில் ஸ்கோர் பேச்சே வேண்டாம்.