'வில்' எல்லா இடத்துக்கும் பொருந்தாது: ஆங்கில எதிர்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி தரும்போது ஒரு மாணவியிடம், தினமும் காலையில் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "ஐ வில் கெட் அப் அட் ஃபைவ். ஐ வில் ஹெல்ப் மை மதர்" என்றாள் தயக்கமே இல்லாமல். அவள் சொல்ல வந்தது அன்றாடப் பழக்கத்தை. கேட்பவருக்கோ, இனிமேல்தான் ஐந்து மணிக்கு எழப்போகிறாள் என்று படும்.

குறை அவளுடைய உழைப்பில் இல்லை. தமிழில் 'குடிப்பேன்' என்ற ஒரே வினை இரண்டு வேலை பார்க்கிறது. 'தினமும் காபி குடிப்பேன்' என்றால் பழக்கம். 'நாளைக்குக் குடிப்பேன்' என்றால் எதிர்காலம். ஆங்கிலத்தில் பழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலம் போதும்: 'ஐ கெட் அப் அட் ஃபைவ்'. '-வேன்', '-பேன்' வரும் இடமெல்லாம் 'வில்' போடுவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. வாக்கியத்தில் 'தினமும்', 'வழக்கமாக' என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் 'வில்' வேண்டாம்.

அடுத்த குழப்பம் 'வில்', 'கோயிங் டு' இரண்டுக்கும் நடுவே. இங்கே பார்க்க வேண்டியது, முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்பதை. வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது என்கிறார் அம்மா. அந்த நொடியில்தான் உங்களுக்குத் தெரிகிறது. "ஐ வில் கெட் சம்" என்கிறீர்கள். ஏற்கெனவே தெரிந்து, பையோடு செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் "ஐ ஆம் கோயிங் டு கெட் சம்". தமிழிலும் 'வாங்கி வருகிறேன்', 'வாங்கத்தான் போகிறேன்' என்று பிரித்துத்தானே சொல்கிறோம்? கருமேகம் திரண்டிருக்கும்போது நாம் 'மழை வரப்போகிறது' என்போம். அதுவும் அப்படியே 'இட் இஸ் கோயிங் டு ரெயின்'. கண்ணெதிரே அறிகுறி எதுவும் இல்லாமல் வெறும் கணிப்பாகச் சொன்னால் பெரும்பாலும் இரண்டுமே சரி. அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நாள், நேரம் குறித்து இன்னொருவருடன் பேசி வைத்த ஏற்பாடு என்றால் 'ஐ ஆம் மீட்டிங் த டாக்டர் டுமாரோ' என்பதே இயல்பு. மழைக்கு யாரும் நாள் குறிக்க முடியாது. அதனால் 'இட் இஸ் ரெயினிங் டுமாரோ' தவறு. ரயில், பஸ் போன்ற கால அட்டவணைக்கு 'த டிரெயின் லீவ்ஸ் அட் நைன்' போதும்.

'வென் ஐ வில் ரீச் ஹோம், ஐ வில் கால் யூ' என்ற வாக்கியத்தை வாரம் ஒருமுறையாவது திருத்துகிறேன். இதற்குத் தமிழைக் குறை சொல்லவே முடியாது. நாம் 'போய்ச் சேர்ந்ததும்', 'மழை பெய்தால்' என்கிறோம். அங்கே எதிர்கால விகுதியே இல்லை. ஆங்கிலமும் அப்படித்தான்: 'வென் ஐ ரீச் ஹோம்', 'இஃப் இட் ரெயின்ஸ்'. எதிர்காலம் என்றாலே 'வில்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரம்தான் இங்கே தாய்மொழியின் வழிகாட்டலை மறைத்துவிடுகிறது.

அலுவலகக் கடிதங்களில் மட்டும் ஒன்று கூடுதலாக வரும். மரியாதை என்று நினைத்து 'ஐ வுட் பி சென்டிங் த ஃபைல் டுமாரோ' என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு, 'அனுப்புவேன், ஆனால்...' என்று ஏதோ தடை இருப்பதுபோல் தொனிக்கும். நாளை ஃபைலை அனுப்புவது உறுதி என்றால் 'ஐ வில் சென்ட்' என்றே எழுதுங்கள்.