சிறு தீக்காயங்களுக்கும் சிராய்ப்புகளுக்கும் தேன் கட்டுப் போடும் முறை

தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து விற்பனைக்கு எடுத்துச் செல்லும் நம் குடும்பங்களில், ஆவி பட்ட விரலும் சாம்பார் தெறித்த முன்கையும் அடிக்கடி காண்பவை. அவற்றின் மேல் தேன் தடவும் வழக்கத்துக்கு மருத்துவ ஆதாரமும் உண்டு. இதே மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் அறுவை மருத்துவர் சுப்ரமண்யம், தேனைத் தீக்காயத்துக்கு வழக்கமாகத் தடவும் சில்வர் சல்ஃபாடயசின் மருந்துடன் ஒப்பிட்டு 1991இல் வெளியிட்ட ஆய்வில், தேன் கட்டிய தீக்காயங்கள் விரைவாக ஆறின. ஆழமில்லாத தீக்காயங்கள் தேனால் நான்கைந்து நாள் முன்னதாக ஆறக்கூடும் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் 2015 மதிப்பாய்வும் கூறுகிறது.

எனினும் சுட்ட இடத்துக்கு முதல் மருந்து தண்ணீரே. 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட வேண்டும்; குழாயில் தண்ணீர் வராத வேளையில் குடத்து நீரைச் சொம்பால் மெல்ல ஊற்றிக்கொண்டே இருக்கலாம். பனிக்கட்டி வைப்பதும் கொப்புளத்தை உடைப்பதும் கூடாது. சிராய்ப்பாக இருந்தால் மண்ணும் தூசும் போகும்வரை சுத்தமான தண்ணீரில் கழுவ வேண்டும்.

தேனில் ஏறக்குறைய 80 விழுக்காடு சர்க்கரை இருப்பதால் அது கிருமிகளுக்கு வேண்டிய ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. அதன் புளிப்புத் தன்மையும் கிருமிகளுக்கு ஒவ்வாது. காயத்தின் நீர் கலந்து தேன் இளகும்போது, அதிலுள்ள நொதி சிறிது சிறிதாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. சூடாக்கினால் அந்த நொதி கெட்டுவிடும் என்பதால் தேனைக் காய்ச்சி ஊற்றுவது வீண். சமையலறைப் புட்டியை நான் பரிந்துரைக்கமாட்டேன்: அதில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கலாம், கலப்படமற்ற தேனிலும் கிளாஸ்டிரிடியம் என்னும் நோய்க்கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். காமா கதிரால் தூய்மையாக்கிய, காயத்துக்கென்றே விற்கப்படும் தேனை மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

சோப்புப் போட்டுக் கைகழுவியபின், தேனைக் காயத்தின் மேல் ஊற்றாமல், கிருமி நீக்கிய காஸ் துணியில் பரவலாகத் தடவி, காயத்தின் விளிம்பையும் மூடும்படி வையுங்கள். உடல் சூட்டில் தேன் இளகி வழியும் என்பதால் மேலே உலர்ந்த துணியொன்றை வைத்து நான்கு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டுவது அவசியம். இல்லையேல் எறும்பு தேடிவரும். நாள்தோறும், துணி நனைந்துவிட்டால் அதற்கு முன்பே, கட்டை மாற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைச் சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) விட்டு நனைத்தே எடுக்க வேண்டும். போட்டவுடன் சற்று எரிவது இயல்பு. எரிச்சல் தணியாவிட்டால் கழுவிவிடுங்கள்.

தேன் அல்லது தேனீக்கொட்டு ஒவ்வாதவர்களுக்கு இம்முறை வேண்டாம். உள்ளங்கையைவிடப் பெரிய தீக்காயம், முகத்திலோ மூட்டிலோ பட்ட தீக்காயம், ஆழமான வெட்டு, சர்க்கரை நோயாளியின் பாதப்புண், குழந்தைகளின் தீக்காயம் ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆணி குத்தினால் டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள். மழைக்காலத்தில் தெருவில் தேங்கிய வெள்ளத்தில் காயம் நனைந்திருந்தால், அந்நீரால் பரவும் எலிக்காய்ச்சலைத் தேன் தடுக்காது. காய்ச்சல் வரும்வரை காத்திராமல் சயான் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மாநகராட்சி மருந்தகத்துக்கோ சென்று, வெள்ளத்தில் நடந்ததைத் தெளிவாகச் சொல்லித் தடுப்பு மருந்து கேளுங்கள்.