குளிருக்கு ஒரு மூடி பிராந்தி: கர்ப்பிணியிடம் எப்படிக் கேட்பது

கோத்தகிரி எஸ்டேட் லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கர்ப்பிணியிடம் "குடிக்கிறியா?" என்று கேட்டால் "இல்லை"தான் வரும். "குளிருக்கு என்னம்மா சாப்பிடுற?" என்று கேளுங்கள். மூடிக் கணக்கு தானாக வெளியே வரும்.

30 மில்லி பிராந்தியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால். நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. சிசுவின் ஈரலுக்கு அதை உடைக்கும் தெம்பும் இல்லை. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாளில் மூடிவிடும்; அப்போது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பிறகு மூளைச் செல்கள் தத்தம் இடத்துக்கு நகரும்போது ஆல்கஹால் பட்டால் வழி தவறி நிற்கும். கடைசி மூன்று மாதத்தில் செல்கள் மடியவே செய்யும். "அஞ்சு மாசம் தாண்டியாச்சே" என்பதெல்லாம் வெறும் சமாதானம். எப்போது நிறுத்தினாலும் பலன் உண்டு.

தினமும் நிறையக் குடிப்பவரை மட்டும் வீட்டிலேயே சட்டென நிறுத்தச் சொல்லாதீர்கள். கைநடுக்கம், வலிப்பு வரலாம்; ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும்.