ஆங்கிலத்தில் ‘இட்’ வந்தால் ‘அது’ என்று மொழிபெயர்க்காதீர்கள்

ராஜாஜி சாலையில், சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மதியம் போன் வந்தது: “கேன் யூ மேக் இட் பை ஃபோர்?” ஏதோ தயார் செய்யச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் நகலெடுத்து, கோப்பில் அடுக்கி, மேசையிலேயே காத்திருந்தேன். நாலு பத்துக்கு மறுபடி போன்: எங்கே இருக்கிறீர்கள்? நாலு மணிக்குள் அங்கே வர முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அன்றைய வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

இப்போது தண்டையார்பேட்டையில் மாலை நேரங்களில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அவர்களுக்குக் கொடுக்கும் முறை இதுதான்.

முதலில், முந்தைய வாக்கியத்தைப் பாருங்கள். “வேர் இஸ் மை பேக்? இட் இஸ் ஆன் த டேபிள்.” முன் வாக்கியத்தில் பை இருக்கிறது, இட் அந்தப் பைதான். இதில் சிக்கலில்லை.

முந்தைய வாக்கியத்தில் எதுவும் இல்லையென்றால், ‘எது?’ என்று கேளுங்கள். “இட் இஸ் ரெய்னிங்.” எது பெய்கிறது? ஆங்கில வாக்கியத்துக்குள் பதில் கிடையாது. தமிழில் ‘மழை பெய்கிறது’ என்றால் மழையே எழுவாய். ஆங்கிலத்திலோ மழை வினைக்குள் போய்விட்டது. அங்கே எழுவாயின் இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் இட் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மணி, தூரம், வெயில் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தமிழாக்கும்போது அதை விட்டுவிடுங்கள்.

சில நேரம் பதில் அதே வாக்கியத்தில் இட்டுக்குப் பிறகு வரும். “இட் இஸ் ஹார்ட் டு கெட் எ சீட்.” எது கஷ்டம்? உட்கார இடம் கிடைப்பது.

அடுத்தது என்னைத் தடுக்கிய படி. நிதானமாகப் படியுங்கள். “ஷீ மேட் இட்.” கேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், அவள்தான் செய்தாள். ராயபுரத்தில் ரயிலைப் பிடிக்க ஓடியவளைப் பற்றிய பேச்சென்றால், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் கிடந்தவளைப் பற்றியென்றால், பிழைத்துக்கொண்டாள். இங்கே இட் வினையோடு ஒட்டிப்போய்விட்டது. இரண்டையும் பிரித்துப் பொருள் தேடக் கூடாது. “லெட்ஸ் கால் இட் எ டே” என்பதும் அப்படித்தான்: இன்றைக்கு இது போதும், நிறுத்துவோம். எனக்கு வந்த போனில் செய்யத்தக்க பொருள் எதையும் அவர்கள் சொல்லியிருக்கவில்லை. அதைக் கவனித்திருந்தால் போதும், கிளம்பியிருப்பேன்.

இவற்றைத் தேட மொழிபெயர்ப்புச் செயலியை நான் பரிந்துரைப்பதில்லை. மொழி பயில்வோருக்கான ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்று வாங்குங்கள், பழையதானாலும் சரி. அதில் இட் என்ற சொல்லைப் புரட்டாமல் மேக், கால் போன்ற வினைகளைப் புரட்டுங்கள். ஒட்டிய தொடர்கள் அங்கேதான் இருக்கும்.

‘தே சே’ என்பதில் வரும் ‘தே’ யார் என்றும் பிள்ளைகள் கேட்பார்கள். காசிமேட்டில் ‘நாளைக்குக் கடல் கொந்தளிக்குமாம், சொல்கிறார்கள்’ என்றால் சொன்னவர் யார் என்று நாம் தேடுவதில்லையே. அதே ‘கிறார்கள்’தான் இந்தத் தே.

பின்சேர்க்கை: “ஐ லைக் வெரி மச் என்று எழுதியதைத் திருத்திவிட்டார்கள், ஏன்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தமிழில் ‘ரொம்பப் பிடித்திருக்கிறது’ என்றாலே வாக்கியம் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் லைக் என்ற வினைக்குப் பின் செயப்படுபொருள் கட்டாயம்: “ஐ லைக் இட் வெரி மச்.” இன்னொருவருக்கு இட் நிற்க வேண்டிய இடத்தில் குழப்பம். ‘பிக் அப் த பேக்’, ‘பிக் த பேக் அப்’ இரண்டும் சரி. பைக்குப் பதில் இட் வந்தால் நடுவில் மட்டுமே நிற்கும்: ‘பிக் இட் அப்’. இதைப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.