மொட்டை மாடியில் பழைய பேய்ப்படம்: ஒரு மைக் செட்காரர் சொல்லும் வழி

வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்களுடையது மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, ஆடிக் கூழ், கட்சிக் கூட்டம், சாவு வீட்டுக் கானா என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டியாயிற்று. ஆர்டர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாடியிலேயே படம் போடுவேன். பேய்ப்படம்தான் போடுவேன், அதிலும் கையில் காசில்லாதவர்கள் எடுத்தது. தெருவில் யாராவது "எப்படிண்ணா இதைச் செய்றது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரிய பட்ஜெட் பேய்ப்படம் மாடியில் எடுபடாது. அதில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டிவிடுவார்கள். அந்தத் துல்லியம் உங்கள் துணித்திரையில் பாதி காணாமல் போகும். காசில்லாதவர்களிடம் பேயைக் காட்ட வசதி கிடையாது, அதனால் சத்தத்தை வைத்தும் இருட்டை வைத்தும் வேலையை ஒப்பேற்றியிருப்பார்கள். மீதியை நாமே கற்பனை செய்துகொள்கிறோம். அறுபது வருடம் கழித்துப் பார்த்தாலும் அந்தப் படங்கள் வேலை செய்வது இதனால்தான். துணி மங்கலாக இருந்தாலும் நஷ்டமில்லை.

முதல் தடவை என்றால் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' போடுங்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கத்தில், சுமார் 1,14,000 டாலரில் எடுத்து 1968-ல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பை ஊற்றினார்கள். கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது? செத்தவர்கள் நாடெங்கும் எழுந்து நடக்கிறார்கள் என்பது கதை. ஆனால் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பண்ணை வீட்டைத்தான். நாடே நாசமாவதை அந்த வீட்டிலுள்ள ரேடியோவும் டிவியும் செய்தியாகச் சொல்லிவிடும். சத்தக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

இந்தப் படத்தில் இன்னொரு வசதி உண்டு. விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பும் விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அது இல்லையென்றால் உரிமையே போச்சு. ரொமேரோ கூட்டத்துக்குப் பெரிய இழப்பு. ஆனால் படம் கண்ட டிவியிலும் கண்ட கேசட்டிலும் ஓடி ஓடியே சாகாமல் நின்றது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் இப்போதும் இலவசமாகக் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் பிரதி போடலாம் என்பதால் மட்டமான பிரதிகளும் ஏராளம். சத்தம் கரகரவென்று இருப்பது, பின்னால் கலர் அடித்தது, ஓரம் வெட்டியது என்று எல்லாம் உலவுகிறது. 2016-ல் சீர்செய்து வெளியிட்ட பிரதி கிடைத்தால் விடாதீர்கள். எதுவானாலும் முதல் நாளே ஹெட்போன் போட்டு முழுசாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது சிபாரிசு, என் சொந்தப் பிரியம், 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்', 1962. எடுத்தவர் ஹெர்க் ஹார்வி. கன்சாஸில் பள்ளிக்கூடத்துக்கும் கம்பெனிகளுக்கும் பாடப் படம், விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். சுமார் 33,000 டாலர்தான் செலவு. கதாநாயகி சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் பெண். படம் முழுக்க ஆர்கன் இசை ஓடும். ராயபுரம் பக்கத்து வேதக்காரப் பாட்டிகளுக்கு அந்தச் சத்தம் பழக்கமானது, அதனாலேயே கூடுதலாகக் கலங்குவார்கள். நடுவில் ஒரு கடைக்குள் அவளுக்குத் திடீரென்று எந்தச் சத்தமும் கேட்காது, அவள் பேசுவதும் யாருக்கும் கேட்காது. ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று நினைத்து ஒரு பையன் கட்டாயம் ஓடி வருவான். ஆம்ப்ளிஃபயரைத் தொடவிடாதீர்கள். வேறெந்த ஓசையும் இருக்கக் கூடாது, முடிந்தால் பெடஸ்டல் ஃபேனையும் நிறுத்துங்கள்.

இப்போது சத்தம். என் தொழில் இது, கொஞ்சம் நீளமாகப் பேசுவேன்.

அந்தக் காலத்து இந்தப் படங்கள் மோனோ, அதாவது இடது வலது பிரிக்காத ஒரே சத்தம். இடது வலது என்று இரண்டு பாக்ஸைத் தள்ளித் தள்ளி வைக்காதீர்கள். ஒரே ஒரு பாக்ஸ், துணிக்குப் பின்னால், நடு மையத்தில், உட்கார்ந்திருப்பவர் தலை உயரத்துக்கு ஸ்டூல் மேல் வையுங்கள். தியேட்டர் திரையில் பொடிப்பொடியாக ஓட்டை இருப்பது பின்னாலிருக்கும் ஸ்பீக்கர் சத்தம் வெளியே வரத்தான். பருத்தித் துணியில் அந்த வேலை தானாகவே நடக்கும். கதவு தட்டும் சத்தம் கதவிலிருந்தே வர வேண்டும். பக்கத்து பாக்ஸிலிருந்து வந்தால் பயம் பாதியாகிவிடும்.

ப்ளூடூத் வேண்டாம். அதில் சத்தம் ஒரு கணம் தாமதித்து வரும். கை கதவில் பட்ட பிறகு 'டமால்' கேட்டால் கூட்டம் சிரிக்கும். நீளமான ஒயரே போடுங்கள். கானாவுக்கு வைக்கிற பேஸை (அடிச்சத்தத்தை) அப்படியே விட்டுவைக்காதீர்கள். பழைய படத்தில் வசனம் நடுக்குரலில்தான் இருக்கிறது, பேஸ் ஏறினால் எல்லாம் குழம்பும். பேஸைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். இரைச்சல் காதை அரித்தால் ட்ரெபிளையும் (கீச்சுச் சத்தத்தையும்) கொஞ்சம் குறையுங்கள். வால்யூமை மெதுவான வசனம் கடைசி வரிசைக்குக் கேட்கும் அளவில் ஒருமுறை வைத்துவிட்டு, அலறல் வரும்போது குறைக்கப் போகாதீர்கள்.

சத்தத்துக்கு இவ்வளவு அலட்டலா என்பவர்களுக்கு டைரக்டர் ஜான் கார்பென்டர் கதையைச் சொல்வேன். 'ஹாலோவீன்' (1978) படத்தை இசை சேர்க்காமல் ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினாராம். அந்த அம்மாவுக்குப் பயமே வரவில்லை. அப்புறம் கார்பென்டரே உட்கார்ந்து இசையமைத்தார், அந்தப் பியானோ துணுக்கு இன்றைக்கும் பலரின் ரிங்டோன். கொலைகாரன் முகமூடியும் கடையில் வாங்கிய மலிவான, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடிதான், வெள்ளையடித்துத் தலைமுடியைக் கலைத்துவிட்டார்கள்.

திரைக்கு வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்துத் தையுங்கள். கடற்காற்று சாயங்காலம் அடித்தால் துணி பாய்மரம் மாதிரி உப்பும். அடியில் ஒரு ரீப்பர் கட்டையைச் செருகிக் கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நிறுத்துங்கள். தெருவிளக்கு துணி மேல் விழவே கூடாது. ப்ரொஜெக்டர் பெட்டியில் போட்டிருக்கும் லூமென்ஸ் (வெளிச்ச அளவு) கணக்கை நம்ப வேண்டாம், ராத்திரி ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். திரையும் ரொம்பப் பெரிதாக வேண்டாம். 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' (1999) மாதிரி நடிகர்களே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிய படங்களுக்குக் கூட்டத்தை நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார வையுங்கள், முன்வரிசையில் இருப்பவர்களுக்கு வாந்தி வரும்.

நேரம் முக்கியம். ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி போடச் சட்டம் இடம் தராது. ரொமேரோ படம் 96 நிமிடம், ஹார்வி படம் 78. ஏழு மணிக்கு இருட்டியதும் ஆரம்பித்தால் இரண்டும் 9.54-க்கு முடியும்தான். ஆனால் நடுவில் ஒருவரும் பாத்ரூம் போக முடியாது. ஒரு ராத்திரிக்கு ஒன்று போதும். டிக்கெட் போடாதீர்கள். காசு வாங்கினால் உரிமம், அனுமதி என்று அது வேறு வழக்கு.

மொழிப் பிரச்சினைக்கு எங்கள் தெருவில் ஒரு தீர்வு உண்டு. துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒரு பெரியவர் மைக்கில் கதை சொல்வார். "தோ பாரும்மா, அது மன்சனே கெடையாது, நீ கார்ல ஏறு" என்று கதாநாயகிக்கே யோசனை சொல்வார். அப்படி ஒருவரைப் பிடியுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: காட்சிக்கு முன்னால் பேசலாம், பின்னால் பேசலாம், படம் மௌனமாகும்போது அவர் மைக்கை நீங்கள் ஆஃப் செய்துவிட வேண்டும். அவர் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

சிரிப்பைத் தடுக்காதீர்கள். முதல் கால் மணி நேரம் எல்லோரும் மேக்கப்பைக் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். நம் ஊருக்கு இது புதிதா? விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'யில் (1978) பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைக்கும். சிரித்த அதே அத்தைகள்தான் அன்றைக்கு ராத்திரி அடுப்படிக்குத் தனியாகப் போகவில்லை. சிரிக்கிறவன் உடம்பு இறுக்கம் விட்டு உட்காருவான், அப்புறம் கதவு தட்டும்போது அவன்தான் முதலில் துள்ளுவான். அகஸ்தியா தியேட்டர் 2020-ல் மூடிய பிறகு, இப்படிக் கூட்டமாகக் கத்திப் பயப்பட எங்கள் பக்கத்துப் பசங்களுக்கு இடம் குறைந்துவிட்டது.

'டெக்சஸ் செயின்சா மாசக்கர்' (1974) மட்டும் குடும்பக் கூட்டத்துக்கு வேண்டாம். ரத்தம் நினைப்பதைவிடக் குறைவுதான், ஆனாலும் மனசைப் பிசையும். டெக்சஸ் கோடை வெயிலில், அழுகிய எலும்பு நாற்றத்துக்கு நடுவில் எடுத்த படம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் பக்கம் போட்டால் அந்த நாற்ற எஃபெக்ட் இலவசம்.

தின்பண்டத்தை ஆரம்பிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். அத்தோ (பர்மா நூடுல்ஸ்), மசாலா முட்டை எதுவானாலும் ஏழு மணிக்குள் தட்டு காலியாகட்டும். படத்தின்போது சிப்ஸ் பாக்கெட் கண்டிப்பாகக் கூடாது. உரித்த வேர்க்கடலையைக் கிண்ணத்தில் போட்டுச் சுற்றுக்கு விடுங்கள்.

படம் முடிந்ததும் முதலில் ஆம்ப்ளிஃபயர் வால்யூமை இறக்கிவிட்டு அப்புறம் ஒயரைப் பிடுங்குங்கள், இல்லையென்றால் 'டப்' என்று அடித்து ஸ்பீக்கர் போய்விடும். அந்த ஒயரை முழங்கையில் சுற்றாதீர்கள், உள்ளே முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். கையில் ஒரு வளையம் நேராக, ஒரு வளையம் திருப்பி என்று மாற்றி மாற்றிச் சுருட்டி, நூலால் கட்டி வையுங்கள்.