பழைய சி.பி. ரேடியோ: சுருளைத் திருப்பும் முன்

அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் தொடங்கிய சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) என்னும் பொதுமக்களுக்கான இருவழி வானொலிச் சேவை, 1970களில் எண்ணெய்த் தட்டுப்பாடும் மணிக்கு 55 மைல் என்ற வேகக் கட்டுப்பாடும் வந்தபோது லாரி ஓட்டுநர்களிடையே பரவி, அவர்களைப் பார்த்துப் பொதுமக்களின் கார்களுக்கும் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துக் கருவிகள் இன்றும் ஹாம் (அமெச்சூர் வானொலி) சந்தைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. மின்னணுவியல் பழக விரும்பும் இளைஞர்கள் அவற்றை வாங்கி, பழைய கெப்பாசிட்டர்களை மாற்றி, ஒன்றிரண்டு மாற்றங்களையும் செய்துவிட்டு, "அலைன்மென்ட் மட்டும்தான் பாக்கி" என்று, அதாவது உள்ளே உள்ள சுருள்களைத் திருப்பி டியூன் செய்வது மட்டுமே மீதி என்று, என் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்து தீர்த்த அதே தவறுகள். மின் இணைப்பை நேர்மாறாகக் கொடுப்பது, ஆன்டெனா இல்லாமல் மைக்கின் பொத்தானை அழுத்தி டிரான்ஸ்மிட் செய்வது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வாட் மீட்டரைப் பார்த்துக்கொண்டே சுருளைத் திருப்புவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு மாணவர் 40 சேனல் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் இறுதி டிரான்சிஸ்டரை அவரே மாற்றியிருந்தார். பற்றவைப்பு சுத்தமாகவே இருந்தது. ஆனால் ஏ.எம். கேரியர் (குரலைச் சுமந்து செல்லும் அலை) 4 வாட் வர வேண்டிய இடத்தில் மீட்டர் 3 வாட்டுக்குக் கீழே காட்டியிருக்கிறது. அவர் சிறிய இரும்புத் திருப்புளி ஒன்றை எடுத்து, டிரான்ஸ்மிட் பகுதியில் கண்ணில் பட்ட சுருள்களை எல்லாம் முள் மேலே ஏறும் வரை திருப்பியிருக்கிறார். முள் ஏறிவிட்டது. அதன் பிறகு பேச்சு கரகரத்தது, டிரான்சிஸ்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது, மைக்கில் பேசினால் முள் உயர்வதற்குப் பதிலாகக் கீழே விழுந்தது.

மூலக் கோளாறு சுருளிலேயே இல்லை. மின்கம்பியில் இருந்த ஃபியூஸ் ஹோல்டர் பச்சை பூத்துப்போயிருந்தது. மைக்கை அழுத்தாதபோது 13.8 வோல்ட் சரியாக வந்தது. அழுத்தியதும் போர்டில் 11.6 வோல்ட்டுக்கு இறங்கியது. வெளியீட்டு ஆற்றல் ஏறத்தாழ வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், 4 வாட் கருவி அந்த நிலையில் 2.8 வாட்தான் தரும். அதாவது கருவி தனக்குக் கிடைத்த மின்சாரத்துக்கு மிகச் சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. மைக்கை அழுத்திய நிலையில் ஒருமுறை மல்டிமீட்டரை வைத்திருந்தால், ஃபியூஸ் ஹோல்டரை மாற்றியதோடு வேலை முடிந்திருக்கும்.

தொழிற்சாலையில் டியூன் செய்து மெழுகு வைத்து அடைத்த சுருள், யாரும் தொடாமல் தானாக வெகுதூரம் விலகாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கருவி திடீரென்று பலவீனமானால் சந்தேகப்பட வேண்டியவை மின்வழங்கல், வறண்ட எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர், விரிசல் விட்ட பற்றவைப்பு, ரிலே அல்லது சுவிட்சின் தொடுமுனை, சுருள் டப்பாவின் அடியில் கறுத்துப்போன சிறு கெப்பாசிட்டர் ஆகியவையே. இவற்றைத் தேடாமல் சுருளைத் திருப்பினால் ஒரு கோளாறு இரண்டாகிறது; கூடவே, பழைய நிலை எது என்ற தடயமும் அழிந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல், வாட் மீட்டருக்கு அலைவரிசை தெரியாது. 27 மெகாஹெர்ட்ஸில் வரும் ஆற்றலையும் அதன் இரண்டாம் ஹார்மோனிக்கான, அதாவது இரு மடங்கு அலைவரிசையான, 54 மெகாஹெர்ட்ஸில் வரும் ஆற்றலையும் அது சேர்த்தே காட்டும். பல கருவிகளின் வெளியீட்டுப் பகுதியில், அந்த 54 மெகாஹெர்ட்ஸை அமுக்குவதற்கென்றே ஒரு டிராப் சுருள் இருக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் 2ஆம் சேனல் 54இல் தொடங்குவதால் வைக்கப்பட்டது அது. அந்தச் சுருளை, ஹார்மோனிக் மிகக் குறையும் இடத்தில் நிறுத்த வேண்டும், முள் மிக உயரும் இடத்தில் அன்று. மாணவர் அதையும் முள்ளுக்காகத் திருப்பியிருந்தார். ஒவ்வோர் அலைவரிசையின் ஆற்றலையும் தனித்தனியே காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தபோது, ஏறத்தாழ 60 டெசிபெல் கீழே இருக்க வேண்டிய இரண்டாம் ஹார்மோனிக், திரையில் கேரியருக்குத் துணையாக நிமிர்ந்து நின்றது.

பேசும்போது முள் விழுந்ததற்கும் காரணம் உண்டு. ஏ.எம்.மில் 4 வாட் கேரியரை முழுதாக, அதாவது 100 சதவீதம் மாடுலேட் செய்தால் (குரலை அதன்மேல் ஏற்றினால்) உச்சத்தில் 16 வாட் தேவைப்படும். கேரியரையே 7 வாட்டுக்கு இழுத்துவிட்டால் உச்சம் 28 வாட் ஆக வேண்டும். அந்தச் சிறிய டிரான்சிஸ்டரும் மாடுலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் அதற்கு எங்கே போகும்? குரலின் மேல்பகுதி வெட்டுப்படுகிறது. கேட்பவருக்கு வாட் தெரியாது, வார்த்தை புரியவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

இரும்புத் திருப்புளியால் நேர்ந்த சேதம் தனி. இரும்பு அருகில் வந்தாலே சுருளின் இண்டக்டன்ஸ் மாறும். முள்ளை உச்சத்தில் நிறுத்தித் திருப்புளியை எடுத்தவுடன் உச்சமும் நகர்ந்துவிடும். சுருளுக்குள் திருகப்படும் ஃபெரைட் கோர் உடையும் தன்மையுள்ளது. மெழுகில் இறுகியிருக்கும் கோரை அழுத்தித் திருப்பினால் பிளந்து, சுவரில் சிக்கி, மேலும் கீழும் நகராது. அந்தக் கருவியில் இரண்டு கோர்கள் அப்படிப் போயிருந்தன. அதே வகைச் சுருளைப் பழைய போர்டு ஒன்றிலிருந்து கழற்றிப் போட வேண்டியிருந்தது. கோரின் துளைக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் டியூனிங் குச்சியைத் தவிர வேறெதையும் உள்ளே விடாதீர்கள். திருப்பும் முன் கோரின் நிலையை மார்க்கரால் குறித்து, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று காகிதத்தில் எழுதுங்கள். உச்சம் கிடைக்கவில்லையென்றால் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு வேறிடத்தில் தேடுங்கள்.

வி.சி.ஓ. சுருள் உச்சத்துக்கு உரியதன்று

பி.எல்.எல். (சேனலின் அலைவரிசையைப் பூட்டிவைக்கும் சுற்று) உள்ள கருவிகளில், வோல்ட்டுக்கு ஏற்ப அலைவரிசை மாறும் வி.சி.ஓ. ஆசிலேட்டரின் இந்தச் சுருளை, சர்வீஸ் மேனுவல் குறிப்பிடும் சேனலில், அது குறிப்பிடும் கட்டுப்பாட்டு வோல்ட் வரும்படி நிறுத்த வேண்டும். முள்ளைப் பார்த்துத் திருப்பினால் லாக் விட்டுப்போய், பல கருவிகளில் டிரான்ஸ்மிட்டே நின்றுவிடும்.

டம்மி லோடாகப் பல்பு

ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சோதனைக்கு மாட்டும் சுமையான டம்மி லோடுக்குப் பல்பு ஆகாது; இழை சூடாக ஆக அதன் மின்தடை மாறும். 50 ஓம், கம்பி சுற்றாத வகை ரெசிஸ்டர் வேண்டும்.

சேனல் வரிசையை நம்பிச் சுவிட்சைக் கழற்றுவது

அலைவரிசையை அளக்கும் கவுண்டரை வைத்து ஒவ்வொரு சேனலாகப் பார்த்துவருபவர், 23ஆம் சேனல் 27.255 என்றும் 24ஆம் சேனல் 27.235 என்றும் காட்டுவதைக் கண்டு சேனல் சுவிட்ச் பழுது என்று முடிவுகட்டுகிறார். பழுதே இல்லை. முதலில் 23 சேனல்களே இருந்தன; 1977 ஜனவரி 1 முதல் 40 ஆக்கியபோது, 22க்கும் 23க்கும் நடுவில் காலியாக இருந்த 27.235, 27.245 ஆகிய இரண்டையும் 24, 25 என்று எண்ணிட்டார்கள். அதுபோலவே 3ஆம் சேனல் 26.985, 4ஆம் சேனல் 27.005, இடையில் உள்ள 26.995 சி.பி. சேனல் அன்று. சேனல் அட்டவணையை மேசைமேல் வைத்துக்கொண்டு அளக்கவும். 10.240 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் காலில் கவுண்டரை நேராக மாட்டினால் அந்தச் சுமையாலேயே அலைவரிசை நகரும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

23 சேனல் கருவியில் எல்லாக் கிரிஸ்டல்களையும் சந்தேகிப்பது

பி.எல்.எல். வருவதற்கு முந்தைய கருவிகளில் பெரும்பாலும் 14 கிரிஸ்டல்கள் இருக்கும். 37.600இலிருந்து 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஆறு, டிரான்ஸ்மிட்டுக்கு 10.6 பகுதியில் நான்கு, ரிசீவருக்கு 10.1 பகுதியில் நான்கு. 37.600இலிருந்து 10.635ஐக் கழித்தால் 26.965, அதாவது 1ஆம் சேனல். எனவே 5, 6, 7, 8 என அடுத்தடுத்த நான்கு சேனல்கள் இறந்திருந்தால் 37.650 கிரிஸ்டலையும், 1, 5, 9, 13 என நான்குக்கு ஒன்று டிரான்ஸ்மிட்டில் மட்டும் இறந்திருந்தால் 10.635 கிரிஸ்டலையும் பாருங்கள். சேனல் சுவிட்சைச் சுழற்றியே கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு இது. சாலிடரிங் அயர்ன் சூடாவதற்குள் விடை கிடைத்துவிடும்.

கிளாரிஃபையரைத் திறந்துவிட்டு ரெகுலேட்டரை மறப்பது

எஸ்.எஸ்.பி. (கேரியர் இல்லாமல் ஒரு பக்க அலையை மட்டும் அனுப்பும் முறை) கருவிகளில் கிளாரிஃபையர் குமிழ் ரிசீவரை மட்டும் சற்று நகர்த்தும்படி அமைந்திருக்கும். டிரான்ஸ்மிட்டும் சேர்ந்து நகர வேண்டும் என்று அதைத் திறந்துவிடுபவர்கள், கைக்கு எட்டிய 13.8 வோல்ட் கம்பியிலிருந்து அதற்கு மின்சாரம் எடுத்துவிடுகிறார்கள். எஸ்.எஸ்.பி.யில் குரலின் ஒவ்வோர் உச்சத்திலும் மின்னோட்டம் ஏறி அந்த வோல்ட் சற்றே இறங்கும். உடனே, வோல்ட்டுக்கு ஏற்பக் கெப்பாசிட்டன்ஸ் மாறும் வேரக்டர் டையோடும் அதனால் அலைவரிசையும் நகர்ந்து, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் நெளியும். இந்த நெளிவைக் கேட்டுவிட்டுக் கிரிஸ்டலை மாற்றியவர்களும் உண்டு. வோல்ட்டை மாறாமல் வைக்கும் ரெகுலேட்டரின் வெளியீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி அலைவரிசைப் பிழை 0.005 சதவீதத்துக்குள், அதாவது 27 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1.35 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். கருவிக்குக் கிடைத்த அங்கீகாரம் இத்தகைய மாற்றங்களால் போய்விடும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மாடுலேஷன் லிமிட்டரை வெட்டுவது

குரல் கேரியரை அளவுமீறி மாடுலேட் செய்யாமல் தடுக்கும் பகுதி அது. வெட்ட வேண்டாம்.

மாஸ்ஃபெட் போட்டுப் பயாஸை அப்படியே விடுவது

பழைய 2எஸ்சி1969 இறுதி டிரான்சிஸ்டர் இப்போது அசலாகக் கிடைப்பது அரிது என்பதால் ஐ.ஆர்.எஃப்.520 போன்ற மாஸ்ஃபெட்டைப் போடுகிறார்கள். முன்னதன் பேஸுக்கு 0.6 வோல்ட் அளவு போதும். பின்னதன் கேட் 2 முதல் 4 வோல்ட் வரை போனால்தான் திறக்கத் தொடங்கும். அந்த வோல்ட்டைத் தரும் பயாஸ் பகுதியை மாற்றாமல் போட்டு, "புது டிரான்சிஸ்டரும் போலி" என்று தூக்கி எறிகிறார்கள்.

ரிசீவரை உரத்த சிக்னலில் டியூன் செய்வது

சோதனைச் சிக்னல் தரும் ஜெனரேட்டரை உரக்க வைத்தால், ஒலியைத் தானாகச் சமன்செய்யும் ஏ.ஜி.சி. வேலை செய்யத் தொடங்கி, சுருளை எங்கே திருப்பினாலும் ஒலி ஒன்றுபோலவே இருக்கும். நடுச் சேனலில், டோனுக்குப் பின்னால் இரைச்சல் இன்னும் கேட்கும் அளவுக்குச் சிக்னலைக் குறைத்து, ஸ்பீக்கர் முனையில் ஏ.சி. வோல்ட்டைப் பாருங்கள், ஒவ்வொரு சுருளும் உச்சத்தை நெருங்க நெருங்க ஜெனரேட்டரை மேலும் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

எஸ் மீட்டர்

வரும் சிக்னலின் வலிமையைக் காட்டும் இதைச் சரிசெய்வது ரிசீவர் வேலை முடிந்த பிறகு.